அறையில் சொன்னதெல்லாம்

எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் முதல் முறையாகக் காது கேளாத ஒரு மாணவி சேர்ந்தபோது, முதல்வர் அவளை அன்போடு அழைத்துப் போய்ப் புதிதாகக் கட்டியிருந்த சாய்தளத்தைக் காட்டினார். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம். அந்தப் பெண்ணோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற ரகம். சாய்தளத்தைப் பார்த்தாள், முதல்வரைப் பார்த்தாள், ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். பிறகு பக்கத்தில் நின்ற சைகை மொழிபெயர்ப்பாளரிடம் கையால் ஏதோ சொன்னாள்.

“ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றா சார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

முதல்வர் பூரித்துப் போனார். அவள் உண்மையில் சொன்னது, “இது எனக்கு எதுக்கு? காதுக்குச் சக்கரம் மாட்டப் போறாரா?” என்பது. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிய வந்த விதம் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மாணவர்கள் அவரைக் கையக்கா என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். நாற்பதை நெருங்குகிற வயது. ஒடிசலான உடம்பு. கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எப்போதும் கறுப்பு உடைதான். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி வருகிறாரே என்று முதல் வாரம் நான்கூட நினைத்தேன். நான் அதே துறையில் கட்டுமானப் பொருட்கள் பாடம் எடுக்கிறவள். செங்கல், சிமென்ட், மரம் இவற்றோடு எனக்கு ஒத்துப்போகிற அளவுக்கு மனிதர்களோடு ஒத்துப்போகாது என்று என் கணவர் சொல்வார்.

கையக்காவின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா தையல்காரர், அம்மா அவர் தைத்த சட்டைக்குக் காஜா எடுப்பார். அந்த வீட்டில் சண்டை வந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சண்டை போட வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவுடன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாராம், அத்தோடு விவகாரம் முடிந்தது. இவர் ஒரே பெண். பேச்சு வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வாயும் காதும் இவர்தான்.

வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, “செவிட்டுக் கூட்டத்துக்குக் குடித்தனம் விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். குழாயைத் திறந்து விட்டுட்டு உலகம் தெரியாம உக்காந்திருக்குதுங்க,” என்று கத்துவார். சின்னப் பெண் அப்பாவிடம் திரும்பி, “குழாயைக் கொஞ்சம் பாத்து மூடச் சொல்றாருப்பா,” என்று கையால் சொல்வாள். அப்பா பதிலுக்கு, “அவன் மூஞ்சியும் அவன் குழாயும். இத்துப்போன பைப்பை மாத்த வக்கில்ல,” என்பார். இவள் வீட்டுக்காரரிடம், “மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றார் அங்கிள்,” என்பாள். இப்படியே இரண்டு பக்கமும் அடுத்தவரைத் தங்கமான மனிதர் என்று நம்பிக்கொண்டு, இவருக்குக் கல்யாணம் ஆகிற வரை அதே வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள். அந்த மாதிரி மரியாதை தெரிந்த குடும்பம் அப்புறம் கிடைக்கவில்லை என்று வீட்டுக்காரர் இன்னமும் சொல்கிறாராம்.

பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எரிகிற இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றுதான் நினைத்திருந்தார். பிறகு இதையே தொழிலாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியபோது, அறையில் சொன்னதெல்லாம் போய்ச் சேர வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வில் அதை அப்படியே எழுதி முதலாவதாகத் தேறினார். எழுதிய கை வேறு, பேசிய கை வேறு.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த பிறகுதான் எங்கள் வகுப்பறைகள் ஒழுங்குக்கு வந்தன. சுவரில் படம் போட்டுக் காட்டும்போது விளக்கையெல்லாம் அணைத்துவிடுவோம், இருட்டில் அவர் கை தெரியாது. ஒரு சின்ன மேசை விளக்கைக் கொண்டு வந்து தன் கைக்கு மட்டும் வெளிச்சம் வைத்துக்கொண்டார். வரிசையாக இருந்த வரைமேசைகளை அரைவட்டமாகப் போடச் செய்தார், யார் பேசினாலும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. நானோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறவள். என்னிடம் வந்து, “மேடம், நீங்க எங்க பக்கம் திரும்பி நின்னா இன்னும் நல்லா இருக்கும்,” என்றார். என் உடையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அது ஒரு புகார் என்று புரிய மூன்றாவது நாள் ஆனது. அவருடைய புகார்கள் எல்லாமே அப்படித்தான், வெல்லம் பூசிய மாத்திரைகள்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். சைகை பேசுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒற்றைப் புருவத்தை உயர்த்துகிற அவளுடைய பழக்கத்தை வைத்து, விரலால் புருவத்தைத் தொட்டு மேலே தூக்குவதுதான் அவள் பெயர். நானும் புருவம் என்றே எழுதுகிறேன். கெட்டிக்காரி. திமிர் உண்டு. கட்டடக்கலைக்கு அது கொஞ்சம் தேவை.

கட்டடக்கலையில் மற்ற பாடங்களையெல்லாம் எப்படியும் தாண்டிவிடலாம், வடிவமைப்பு ஒன்றுதான் ஆளைக் கவிழ்ப்பது. வருடக் கடைசியில் ஜூரி என்று ஒன்று நடக்கும். வரைபடங்களைச் சுவரில் மாட்டிவிட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் தோற்றால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். புருவத்தின் அப்பா அவளைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: ஒரு வருடம் பார்ப்பேன், தேறினால் படி, இல்லையென்றால் வீடு. ஆகவே அந்த ஒரு ஜூரியில்தான் அவள் படிப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

வடிவமைப்பு ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்புப் பென்சில். ஒவ்வொரு மேசையாக வந்து, தாளின் மேல் குனிந்து, சிவப்பில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளுவார். மீசை மேலுதட்டை முழுசாக மூடியிருக்கும், கீழுதட்டைத் தாளுக்குத்தான் காட்டுவார். புருவத்தால் உதட்டைப் படிக்க வழியே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் விரலால் தாளைக் காட்டுவதும் பேசுவதும் ஒரே நேரத்தில். மற்ற பிள்ளைகள் கண்ணால் தாளையும் காதால் அவரையும் பின்தொடர்வார்கள். இவள் தாளைப் பார்த்தால் கையக்காவின் கை தப்பும், கையைப் பார்த்தால் தாள் தப்பும்.

அந்த வருடப் பாடம் ஒரு சின்ன நூலகம். புருவம் தன் நூலகத்துக்கு நட்ட நடுவில், சுற்றிலும் திறந்த ஒரு மாடிப்படி வைத்திருந்தாள். பென்சிலுக்கு அது பிடிக்கவே இல்லை.

“படிக்கிற இடத்துக்கு நடுவுல படி வெப்பாங்களா? இதை வெச்சுக்கிட்டு மீதி எதுவும் சரியா வராது. கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து வரையச் சொல்லுங்க. இல்லன்னா ஜூரியில நிச்சயம் போயிடும்,” என்றார்.

கையக்கா சொன்னது: “படியைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்றாரு.”

புருவத்துக்குக் கோபம் வந்தது. “அவருக்கு யாராவது பின்னால வந்தா காலடிச் சத்தம் கேக்கும். எனக்குக் கேக்காது. யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு எல்லா இடத்துலேர்ந்தும் தெரியணும்னுதான் நடுவுல வெச்சேன். ஏன் வெச்சேன்னு ஒரு தடவையாவது கேட்டாரா?” என்று கைகள் பறக்கச் சொன்னாள்.

கையக்கா பென்சிலிடம் சொன்னது: “சரிங்க சார், பாக்கறேன்னு சொல்றா.”

அவள் கவனித்தாள். படியின் அகலத்தைக் கூட்டினாள், கைப்பிடியை மாற்றினாள். அடுத்த முறை வந்த பென்சில் அதே படி அதே இடத்தில் இருப்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மறுபடியும் திட்டு, மறுபடியும் பூசி மெழுகல். பிள்ளை தலையாட்டிவிட்டு நினைத்ததையே செய்கிறது என்று இவருக்கு எரிச்சல். என்ன செய்தாலும் மனிதர் முகம் மலரமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்குக் குழப்பம். மற்ற மாணவர்களுக்கும் தெரிய வழியில்லை. பென்சில் பக்கத்து மேசையில் நிற்கும்போது அவனவன் தன் தாளை எங்கே மறைப்பது என்று பார்ப்பானே தவிர, அடுத்தவர் கதையைக் கேட்கமாட்டான்.

ஜூரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குட்டு உடைந்தது. அன்று நானும் வரைகூடத்தில் இருந்தேன். பென்சில் அவள் மேசைக்கு வந்தார், படியைப் பார்த்தார், முகம் சிவந்தது. கையக்கா கையைத் தூக்குவதற்குள் அவர் அந்தச் சிவப்புப் பென்சிலால் தாளின் நடுவில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்: மூன்று முறை சொன்னேன். இதைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து வரை. நீ தோற்கப் போகிறாய்.

புருவம் அதைப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கையக்காவைப் பார்த்தாள்.

“எப்போ மூணு தடவை சொன்னாரு?”

கையக்காவின் கைகள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. பென்சில், “என்ன கேக்கறா?” என்றார். கூடம் முழுவதும் தாளில் கோடு கீறுகிற சத்தம் நின்றுபோனது. எனக்குச் சைகை அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முதல்வர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கையக்கா எதையும் மறைக்கவில்லை, முதல் நாள் சாய்தளத்தைப் பற்றி அவள் சொன்னதைக்கூட.

“அவ மனசு கஷ்டப்படும்னு குறைச்சுச் சொன்னேன் சார்,” என்றார்.

“இந்தப் பொண்ணோட வருஷமே போகப் போகுதேம்மா,” என்றார் முதல்வர். அன்றே கையக்காவை அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் வேறு ஆளுக்கு எங்கே போவது? எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தோம், ஜூரிக்குள் வரக்கூடிய ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் முதல்வர் ஒரு தாளில் எழுதிப் புருவத்திடமே நீட்டினார்: உனக்கு இவர் வேண்டுமா, வேண்டாமா?

அவள் தாளை வாங்கிப் படித்தாள். பிறகு கீழே எழுதினாள்: வேறு வழி இல்லை.

அறையை விட்டு வெளியே வந்ததும் கையக்கா ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? கையக்கா தாழ்வாரத்தில் அப்படியே நின்றார். கண்ணைத் திறந்தபோது அவள் சொன்னது ஒன்றுதான். “ஜூரி நடக்கற அறையில யார் என்ன சொன்னாலும் எனக்கு வரணும். இருமினாக்கூட வரணும். நான் சொல்றது அப்படியே போகணும். உங்களால முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டார். ஆனால் தன்னால் முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் என் பட்டறை அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“மேடம், ஒரு உதவி. நீங்க அவளைத் திட்டணும்.”

“நான் எதுக்குத் திட்டணும்?”

“எனக்குப் பழகணும். யாராவது கோபமாப் பேசினா என் கை தானாவே வேற சொல்லிடுது. நான் யோசிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுது. உங்களுக்குத் திட்ட வரும்னு பசங்க சொன்னாங்க.”

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து கல்லூரி விட்ட பிறகு மூன்று பேரும் செங்கல் மாதிரிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். நான் புருவத்தின் வரைபடத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசுவேன். முதல் நாள், “இது நூலகமா, பஸ் ஸ்டாண்டா?” என்றேன். கையக்காவின் கை பாதியில் நின்றது. பிறகு எதையோ மென்மையாகச் சொல்லி முடித்தது. புருவம் என் முகத்தைப் பார்த்தாள், கையக்காவின் கையைப் பார்த்தாள், “முகம் இவ்வளவு கோபமா இருக்கு, வார்த்தை இவ்வளவுதானா? பொய்,” என்று சொல்லிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து.

நாள் போகப் போக எனக்கும் சூடு பிடித்தது. மனதாரத் திட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவளும் சும்மா இல்லை. ஒருநாள் கையக்கா, கண்ணை என் மேலிருந்து எடுக்காமல், ஆனால் காது நுனிவரை சிவந்துபோய், “உங்க கிளாஸ்ல எனக்குக் காது கேக்காதது வரம்னு பசங்க சொல்றாங்க. அவங்களுக்குக் கேக்குதாம், அதான் தூக்கம் வருதாம்,” என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சிரிப்பும் வந்தது. முழுசாக வந்து சேர்ந்த முதல் வசவு அது.

இதற்கு நடுவில் அவள் இரவு பகலாக வரைந்தாள். படியை நடுவிலேயே வைத்துக்கொண்டு, படிக்கும் இடங்களை அதைச் சுற்றித் திருப்பிப் போட்டாள். கிழித்துப் போட மனமில்லை, பென்சில் சொன்னதில் நியாயமும் இருந்தது. எது எவ்வளவு தேறும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவளும் கையக்காவும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

ஜூரி அன்று அறையில் நாங்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வெளித்தேர்வாளராக வந்திருந்தவர் பெயரெடுத்த கட்டடக்கலைஞர், வயதான அம்மாள், தேன் வழிகிற பேச்சு. அவருக்கு ஒரு பக்கம் பென்சில், மறுபக்கம் நான். காலையிலிருந்தே அவர் நான்கு பேரைத் தேன் குழைத்த குரலிலேயே தோற்கடித்திருந்தார். புருவம் வந்து தாள்களைச் சுவரில் மாட்டினாள். கையக்கா தாளை ஒட்டி நின்றுகொண்டார், அவள் கண் அதிக தூரம் போய் வர வேண்டாம் என்று.

தேர்வாளர் எழுந்து போய் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். புருவம் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“முதல்ல காட்டுங்க, அப்புறம் பேசுங்க. எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு, ரெண்டும் சேர்ந்துதான் போகும்,” என்றார் கையக்கா. அவள் சொன்னதில் ஒன்றும் குறையவில்லை.

தேர்வாளர் தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டு, “அப்படியாம்மா, சரி,” என்றார். காட்டினார், நிறுத்தினார், பேசினார். நடுவில் ஏன் படி என்று கேட்டார். புருவம் சொன்னாள்: காலடிச் சத்தம், பின்னால் வருகிறவர்கள், எல்லா இடத்திலிருந்தும் எல்லோரும் தெரிய வேண்டும் என்பது. பென்சில் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“மூணு தடவை சொன்னேன்,” என்று வந்தது பதில்.

பென்சில் கையக்காவைப் பார்த்தார். கையக்கா அவரைப் பார்க்கவில்லை.

அதோடு போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தேர்வாளர் வந்து உட்கார்ந்து, எங்கள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். காது கேளாதவள் முன்னால் ரகசியக் குரலில் பேசுவதை எங்கே கற்றுக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

“பாவம் சார். இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. இதுக்கு மேல கேள்வியெல்லாம் வேணாம், நல்ல மார்க்காப் போட்டு அனுப்பிடுங்க. எப்படியும் சைட்ல நின்னு வேலை வாங்கப் போறதில்ல. யாராவது கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவாங்க.”

பென்சில் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அவ்வளவுதான், முடிந்தது, அவள் தேறிவிட்டாள். ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் போதும்.

புருவம் கையக்காவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ பேசியதை அவள் கண்டுவிட்டாள், என்ன பேசினார்கள் என்று தெரியாது. கையக்காவின் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. சொல்லாதே என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனதார வேண்டினேன். பழகினோம், திட்டினோம், எல்லாம் சரி, ஆனால் இது திட்டு இல்லை, கையில் கொடுக்கிற பாஸ். இதைச் சொன்னால் இந்தப் பெண் சும்மா இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவளுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. வாழ்நாள் முழுவதும் எதைச் செய்து வந்தாரோ அதையே இன்னும் ஒரே ஒரு முறை செய்தால் போதும், எல்லோரும் சிரித்த முகத்தோடு வெளியே போகலாம்.

கையக்கா கையைத் தூக்கினார்.

எல்லாவற்றையும் சொன்னார். சைகையில் வார்த்தை கையில் இருந்தால் தொனி முகத்தில் இருக்கும், அதையும் விடவில்லை. தேர்வாளர் தலையைச் சாய்த்த மாதிரியே சாய்த்து, உதட்டைப் பிதுக்கிய மாதிரியே பிதுக்கி, அந்தப் பாவத்தை அப்படியே கொண்டுபோய் வைத்தார். எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றாலும் முகம் தெரிந்தது. தன் முகத்தை இன்னொருவர் முகத்தில் பார்த்த தேர்வாளர் வெலவெலத்துப் போனார்.

புருவம் பதில் சொன்னாள். கையக்காவின் குரல் வந்தது.

“நான் பாவம் இல்ல. தேறினா தேறினேன்னு போடுங்க. தோத்தா தோத்தேன்னு சொல்லுங்க. காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் கேள்வி கேட்டீங்க இல்ல, என்கிட்டயும் கேளுங்க.”

பென்சில் பேனா மூடியைத் திரும்ப மாட்டினார். தேர்வாளரின் குரலில் தேன் வற்றிவிட்டது.

“ஏம்மா, நாங்க எங்களுக்குள்ள பேசிக்கறதை எல்லாம் நீங்க எதுக்குப் போய்ச் சொல்றீங்க? இப்போ பேசினது அவளா, இல்ல நீங்களாச் சேர்த்துப் பேசறீங்களா?”

கேள்வி கையக்காவுக்கு. அவரோ அந்தக் கேள்வியையும் கைகளால் அவளிடம் சேர்த்தார். புருவம் கையக்காவை நேராகப் பார்த்தாள். இத்தனை நாள் தேக்கி வைத்திருந்தது அந்தக் கைகளில் வந்தது. பார்க்கப் பார்க்கக் கையக்காவின் முகம் வெளிறியது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, தன் வாயாலேயே சொன்னார்.

“இவங்களா? இவங்க ஒரு வருஷமா சார் திட்டினதை என்கிட்டேர்ந்து ஒளிச்சவங்க. நான் சொன்னதை சார்கிட்டேர்ந்து ஒளிச்சவங்க. என் வருஷமே போற அளவுக்கு நல்லவங்க. இவங்களுக்கு இவ்வளவு தைரியம் கிடையாது. பேசறது நான்.”

கையக்காவின் கண்ணில் நீர் கட்டியிருந்தது, துடைத்துக்கொள்ளக் கை போகவில்லை. அடுத்து யார் பேசினாலும் சொல்லக் கை காத்திருந்தது.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். எழுந்து சுவருக்குப் போனார். படியின் மேல் விரலை வைத்தார், எடுத்தார், புருவத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

“சரி. கீழ தீப்பிடிக்குது. திறந்த படி, புகை பூரா மேல வரும். மேல இருக்கறவங்களை எப்படி இறக்குவ?”

அதன் பிறகு நடந்தது வழக்கமான ஜூரி, அதாவது கசாப்புக் கடை. அந்தம்மாள் அவளை விடவில்லை. புகைக்கு அவள் சொன்ன பதில் பாதிதான் நின்றது. பின்பக்கம் இன்னொரு படி வைத்திருந்தாள், அதற்குப் போகிற வழி குறுகல். வெளிச்சம் எந்தப் பக்கம், புத்தக அலமாரியின் எடையை எது தாங்குகிறது என்று கேள்வி மேல் கேள்வி. எடையைப் பற்றி நானும் என் பங்குக்கு ஒன்று கேட்டேன், அவள் தடுமாறினாள். ஒவ்வொரு முறையும் காட்டுவது, நிறுத்துவது, பேசுவது. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது, ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. முடிந்தபோது புருவத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தேர்வாளர் எங்களோடு கலந்து பேசிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “யோசனை நல்லது. அதைக் கட்டடமா மாத்த உனக்கு இன்னும் வரல. புகைக்கு நீ சொன்னது போதாது. இன்னிக்குப் பாத்ததுல சுமார்தான். தேறிட்ட, ஆனா மயிரிழையில.”

பென்சில் எழுதிய மதிப்பெண், அவர் பேனா மூடியைக் கழற்றியபோது போட இருந்ததைவிட வெகு குறைவு. அந்தப் பெண் கல்லூரியில் இருப்பாள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

மூட்டை கட்டிக்கொண்டு நான் வெளியே வந்தபோது இருவரும் தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றிருந்தார்கள். கையக்கா ஏதோ கேட்டார். கைகள் சின்னதாக, மார்புக்குக் கிட்டத்தில் அசைந்தன. அடுத்த வருடம் அவளோடு தானே வரலாமா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பட்டறையில் உட்கார்ந்து அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். புருவம் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பதில் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இவ்வளவுக்குப் பிறகு வேறு என்ன சொல்லியிருப்பாள், சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குள் ஒரு நிச்சயம்.

“என்ன சொன்னா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

கையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“‘யோசிச்சுச் சொல்றேன்.’ அவ சொன்னது அவ்வளவுதான் மேடம்,” என்றார்.